எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் ராவுத்தரை எடுக்கச் சொல்கிறார்கள்: உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள்?

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 9.14

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டம், வெண்ணாற்றுப் பாசனம். ஊர்ப் பெயர் வேண்டாம், பேச்சு இன்னும் ஊருக்குள்ளேயே முடியவில்லை.

திரௌபதி அம்மன் கோயிலுக்கு வெளியே, மதிலை ஒட்டி, வேப்பமரத்தடியில் ஒரு செங்கல் மேடை இருக்கிறது. இடுப்பு உயரம். சிலை கிடையாது. ஒரு விளக்கு மாடம், மேலே ஒரு பச்சைத் துணி, அவ்வளவுதான். ராவுத்தர் மேடை என்போம். தீமிதிக்குக் காப்பு கட்டும் நாளில் முதல் படையல் அங்கேதான். கொள்ளு, சுருட்டு, புதுப் பச்சைத் துணி. பக்கத்துத் தெருப் பள்ளிவாசலிலிருந்து ஒரு பெரியவர் வந்து பொட்டுக்கடலை, சர்க்கரை வைத்துப் பாத்தியா, அதாவது குர்ஆன் ஓதி வேண்டுதல், ஓதுவார். சின்னப் பிள்ளையில் நாங்கள் அந்தச் சர்க்கரைக்குத்தான் முண்டியடிப்போம். அவர் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஓத யாரும் வரவில்லை, படையலும் நின்றுபோனது. நாங்களும் கூப்பிடவில்லை. அந்தத் தப்பு எங்களுடையது.

இப்போது திருப்பணி நடக்கிறது. மதிலை எட்டடி வெளியே தள்ளிக் கட்டப் போகிறார்கள். மேடை குறுக்கே நிற்கிறது. கமிட்டியில் இரண்டு யோசனை. ஒன்று, மேடையை எடுத்துவிடுவது. இன்னொன்று, அதே இடத்தில் முனீஸ்வரர் சிலை வைத்து "காவல் தெய்வம் முனீஸ்வரர்" என்று எழுதிவிடுவது. இரண்டாவதைச் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "சாமி போகாது, பேர்தான மாறுது" என்கிறார்கள்.

எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் பங்காளிகளில் மட்டும் மூன்று பேருக்குப் பக்கிரிசாமி என்று பெயர். வீட்டில் என்னை என் ஆத்தா "ராவுத்து" என்றுதான் கூப்பிடும். ஏன் என்று கேட்டதில்லை. இப்போது கேட்க ஆத்தா இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். இதேபோல் உங்கள் கோயிலில் வேற்று மதத்தார் யாராவது சாமியாக இருக்கிறார்களா? கும்பாபிஷேகத்தின்போது என்ன செய்தீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சோழமண்டலத்தான் | ஞாயிறு, இரவு 10.02

நண்பருக்கு வணக்கம். நான் மாற்றுக் கருத்துதான் சொல்லப் போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோயில் என்பது ஒரு முறைக்கு உட்பட்டது. கருவறையில் இருந்து பரிவாரம் வரை யாருக்கு எங்கே இடம் என்று ஸ்தபதிக்குக் கணக்கு உண்டு. படை எடுத்து வந்த காலத்தில் பயத்தில் வைத்ததை எல்லாம் இன்றைக்கும் சுமக்க வேண்டுமா? நம் பிள்ளைகளுக்கு நம் தெய்வங்களின் பெயரே தெரியாத காலம் இது. முனீஸ்வரரும் நம் காவல் தெய்வம்தான். வழிபாடு நிற்கவில்லை என்றால் பெயரில் என்ன நஷ்டம்?

எனக்கு எந்த மதத்தார் மீதும் வெறுப்பு இல்லை. கல்லூரியில் என்னுடன் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். கோயில் ஒழுங்கு பற்றி மட்டும் பேசுகிறேன்.

---

பாரதம் படிக்கிற வீடு | ஞாயிறு, இரவு 11.37

அண்ணே, உங்க மேடையில இருக்கிறவருக்கு முழுப் பேரு முத்தால் ராவுத்தர். உங்க ஊருக்கு மட்டும் உள்ளவர் இல்ல. செஞ்சிப் பக்கம் மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில்தான் இந்த வழிபாட்டுக்கு ஆதி இடம்னு சொல்லுவாங்க. அங்கேருந்து தெக்கே எங்கெங்க பாரதம் படிச்சு தீமிதி நடக்குதோ, அங்கெல்லாம் பல கோயில்ல அவரும் கூடவே வந்தவர். நாங்க கொள்ளிடத்துக்கு வடகரை. எங்க தாத்தா, அப்பா, இப்ப நான், மூணு தலைமுறையா பாரதம் படிக்கிறோம்.

சோழமண்டலத்தார் ஒழுங்குன்னு சொன்னாரு. ஐயா, ராவுத்தர் இருக்கிறதே ஒழுங்குக்காகத்தான். திரௌபதி அம்மன் கோயில்ல அம்மனுக்கு நேர நிக்கிறவரு போத்துராசா, கையில வெட்டின தலையோட. ராவுத்தருக்கு இடம் வெளியில. அம்மனுக்கு முன்னால ரத்தம் விழக் கூடாது. சாராயம், சுருட்டு, கஞ்சா உள்ள வரக் கூடாது. ஆனா நேர்ந்துகிட்டவன் நேர்ந்தது நேர்ந்ததுதான். கிடாயோ சேவலோ கொண்டு வந்து நிப்பான். அதை வாங்கிக்கிறதுக்குத்தான் வாசல்ல ராவுத்தர் இருக்காரு. கொள்ளு அவருக்கு இல்ல, அவரு குதிரைக்கு. அவரை எடுத்துட்டா அந்தக் கிடா எங்க போகும்? ஒண்ணு நேர்த்திக்கடன் நின்னு போகும், இல்லாட்டி அம்மன் வாசல்ல விழும். ரெண்டுமே ஆகாது.

கதை ஊருக்கு ஊர் மாறும். எங்க தாத்தா சொன்ன கதையில, மந்திர சக்தி உள்ள வீரன், அம்மனை எதிர்த்து வந்தான், தோத்தான், காவலுக்கு நின்னான். "தோத்தவனை வாசல்ல நிறுத்தினாங்க"ன்னு அவமானமா நினைக்காதீங்க. தீமிதியில எல்லாருக்கும் முன்னாடி படையல் வாங்குறவர் அவரு. அவர் உத்தரவு இல்லாம எங்க ஊர்ல குழியில விறகு அடுக்க மாட்டாங்க.

முனீஸ்வரர்னு எழுதினா என்ன நஷ்டம்னு கேட்டாரு. முனீஸ்வரருக்குப் படையல் முறை வேற. பாத்தியா கிடையாது, பச்சைத் துணி கிடையாது. பத்து வருஷத்துல கொள்ளு எதுக்குன்னு கேட்பான். இருபது வருஷத்துல வைக்கவே மாட்டான்.

---

குடந்தை தமிழாசிரியர் | திங்கள், காலை 6.20

காலையில் இந்த இழையைப் படித்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். சோழமண்டலத்தார் கேட்ட கேள்வி நேர்மையான கேள்வி, அதற்குக் கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் "ராவுத்தர்" என்ற சொல். அது குதிரை வீரனைக் குறிப்பது. அருணகிரியார் கந்தரலங்காரத்தில் முருகனையே "இடிக்குங் கலாபத் தனிமயில் ஏறும் இராவுத்தனே" என்று கூப்பிடுகிறார். 15ஆம் நூற்றாண்டு. பயந்துபோய் வைத்த பெயரை முருகனுக்கு யாராவது வைப்பார்களா? குதிரைமேல் வருகிற வீரனைக் கண்டு மக்களுக்கு இருந்த வியப்பு அது. திருவரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் பாய்கிற குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம்.

அடுத்து, வேற்றுச் சமயத்தாருக்குக் கோயிலில் இடம் உண்டா என்பது. திருவாரூர்க்காரருக்கு நான் திருவாரூரையே காட்டுகிறேன். தேவாசிரியன் மண்டபத்து அடியார்களை நினைத்து அந்த ஊரில்தான் சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடினார். அதில் ஒரு வரி:

"மறவாது கல்லெறிந்த சாக்கியர்க்கும் அடியேன்"

சாக்கியர் என்றால் பௌத்தர். அவர் காஞ்சிக்குப் போய்ச் சாக்கிய நெறியில் சேர்ந்தவர். பிறகு சிவன்மேல் அன்பு வந்தது. வந்தும் அந்தக் கோலத்தைக் களையவில்லை. துவராடையோடே இருந்தார், பூவுக்குப் பதில் நாள்தோறும் ஒரு கல்லை எடுத்து லிங்கத்தின்மேல் எறிந்தார். அவரைத் "திருந்தி வந்த சைவர்" என்று சுந்தரர் பாடவில்லை. பெயரே சாக்கியர்தான். அறுபத்து மூவர் வரிசை உள்ள சிவாலயம் ஒவ்வொன்றிலும் அவர் அந்தப் பெயரோடு நிற்கிறார். நண்பரே, இதைத்தான் உங்கள் கூட்டத்தில் சொல்ல வேண்டும். உள்ளே வந்தவருடைய பழைய பெயரை மாற்றாமல் கும்பிடுவது நம் சைவத்துக்குப் புதிது இல்லை.

பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. கும்பகோணத்தில் பகவத் விநாயகர் கோயில் என்று சின்னக் கோயில். அங்கே ஒரு புத்தர் சிலை உண்டு. பகவரிஷி என்கிறார்கள். பகவர் என்கிற முனிவர் தம் தாயின் அஸ்தியைக் காசிக்குக் கொண்டு போனார், வழியில் குடந்தையில் அது பூவாக மாறியது, அதனால் காசிக்கு வீசம் கூடுதல் இந்த ஊர் என்பது தலபுராணம். அழகான கதை, நான் மறுக்கவில்லை. மயிலாடுதுறைப் பக்கம் பெருஞ்சேரியிலும் புத்தரை ரிஷி என்றே கும்பிட்டிருக்கிறார்கள். விளக்கேற்றுகிறார்கள், பூ வைக்கிறார்கள். அன்பில் குறை இல்லை. ஆனால் யாருக்கு ஏற்றுகிறோம் என்பது போய்விட்டது. ஒருவரைத் தினமும் கும்பிட்டுக்கொண்டே மறந்துவிடவும் முடியும் என்பதை நான் அந்தச் சன்னதியில்தான் கண்டேன்.

---

திருவரங்கம் வடக்கு வீதி | திங்கள், மதியம் 1.48

எங்கள் பெருமாள் கோயிலில் துலுக்க நாச்சியார் இருப்பது பலருக்குத் தெரியும். ஆனால் வருகிற கூட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் அந்தச் சன்னதிக்குப் போகிறார்கள்? அர்ச்சுன மண்டபத்தை ஒட்டி இருக்கிறது. விக்கிரகம் கிடையாது, சுவரில் ஓவியம். உருவ வழிபாடு இல்லாத மார்க்கத்தில் பிறந்தவள், அதனால் சிலை வைக்கவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெண்ணாற்றங்கரை அண்ணா, உங்கள் மேடையில் சிலை இல்லை என்றீர்களே, படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

எங்கள் கோயில் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிற கதை: டெல்லி சுல்தானின் படை அரங்கனைக் கொண்டு போய்விட்டது. சுல்தானின் மகள் அந்த விக்கிரகத்தை விளையாட்டுப் பொம்மையாக வைத்துக்கொண்டாள், பிறகு மனசைக் கொடுத்துவிட்டாள். படை போன வழியிலேயே பின்தொடர்ந்து போய் அடையாளம் கண்டு வந்தவள் ஒரு பெண், பின்சென்றவல்லி என்று பெயர். அவள் சொல்லி, இங்கிருந்து போனவர்கள் ஆடிப் பாடி சுல்தானை மகிழ்வித்துப் பெருமாளைக் கேட்டு வாங்கி வந்தார்கள். அந்தப் பிரிவு தாங்காமல் சுல்தானின் மகளும் திருவரங்கம் வரை வந்து உயிர் விட்டாள்.

டெல்லி வரலாற்றில் அந்த இளவரசியைத் தேடிப் பயனில்லை. 1311இல் மாலிக் காபூர் வந்ததும், 1323இல் உலூக்கான் படை வந்ததும், பெருமாள் ஊர் ஊராக மறைந்து திரிந்து 1371இல் விஜயநகரத் தளபதி கோபண்ணா காலத்தில் திரும்பியதும் வரலாறு. ரத்த ஆறு ஓடிய காலம் அது. அந்தக் காயத்தை இந்த ஊர் மறக்கவே இல்லை. மறக்காத ஊர்தான் அந்தச் சுல்தான் வீட்டுப் பெண்ணை நாச்சியார் என்று கூப்பிட்டுப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்கிறது. திருமஞ்சனத்தில் பெருமாள் கைலி கட்டிக்கொள்கிறார். பகல்பத்தில் அவள் சன்னதி முன்னால் படியேற்ற சேவை நடக்கும். நான் சின்னப் பெண்ணாகத் தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். "பார், அவளுக்குக் காட்டுகிறார், நமக்கு இல்லை" என்று தாத்தா சொன்னார். இன்னும் அந்த இடம் வரும்போது எனக்குக் கண் நிறைந்துவிடும்.

சோழமண்டலத்தார் ஐயா, ஒழுங்கு பற்றிச் சொன்னீர்கள். ஆசாரத்தில் எங்கள் கோயிலைவிடக் கண்டிப்பான கோயில் எது? அங்கே அவளுக்குப் பெயர் துலுக்க நாச்சியார்தான். வேறு பெயர் வைத்து மறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

---

சோழமண்டலத்தான் | திங்கள், இரவு 8.30

சாக்கிய நாயனாரை நான் இப்படி யோசித்ததில்லை, ஆசிரியருக்கு நன்றி. ஆனாலும் ஒன்று. நீங்கள் எல்லோரும் இனிப்பான பக்கத்தையே காட்டுகிறீர்கள். திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரை எடுத்து வந்து அரங்கத்து மதில் கட்டினார் என்பதும் நம் குருபரம்பரைக் கதைதானே? அப்பரும் சம்பந்தரும் சமணரோடு மோதியதும் இதே மண்ணில்தான். சேர்ந்தே வாழ்ந்தோம் என்று சொல்வது பாதி உண்மை.

---

குடந்தை தமிழாசிரியர் | திங்கள், இரவு 9.55

பாதி உண்மை என்பதை முழுதாக ஒத்துக்கொள்கிறேன். மறைத்துப் பேசினால் மரியாதை இல்லை. நாயனார் தண்டியடிகள் வரலாற்றில் திருவாரூர்க் குளக்கரையிலேயே சமணரோடு சண்டை நடக்கிறது.

அதே நாகப்பட்டினத்தின் மறுபாதியையும் சொல்கிறேன். பெரிய கோயில் கட்டிய ராசராசன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய மன்னன் தன் தந்தை பெயரில் நாகையில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக்கொடுத்தவன் சிவபாதசேகரன் என்று பட்டம் கொண்ட ராசராசன். லெய்டன் செப்பேடு என்று இன்று பெயர் பெற்றது அந்தச் சாசனம்தான். பெரிய கோயிலிலேயே போதி மரத்தடியில் புத்தர் உட்கார்ந்திருக்கும் சிறு சிற்பம் இருக்கிறது, படிக்கட்டுப் பக்கம் தேடிப் பாருங்கள்.

பிறகு என்ன ஆயிற்று? நாகையில் மூன்று அடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள். யாருடையது என்று ஊருக்கே மறந்துபோயிருந்தது. 1867இல் இடித்தார்கள். 1856 தொடங்கி அந்த வட்டாரத்து மண்ணுக்குள்ளிருந்து ஏறக்குறைய 350 புத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன, அவற்றில் பலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பெயர் மறந்துபோன கட்டடத்தை இடிக்கும்போது தடுக்க ஆள் இருப்பதில்லை. உங்கள் மேடைக்கு இன்னும் பெயர் இருக்கிறது, தம்பி. அதனால்தான் நீங்கள் இங்கே வந்து கேட்கிறீர்கள்.

---

மருங்குளம் சாலை | செவ்வாய், காலை 7.05

நாங்க தஞ்சாவூர்ப் பக்கம். காசவளநாடு புதூர் கேள்விப்பட்டிருக்கீங்களா? ஊர்ல பெரும்பாலும் இந்துக்கள்தான். ஆனா முகரம் வந்தா ஊரே பத்து நாள் விரதம். அல்லா சாமின்னு ஒரு உள்ளங்கை வடிவம், அதை வச்சிருக்கிற இடத்துக்கு அல்லா கோயில்னே பேரு. பத்தாம் நாள் ராத்திரி அதைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா வருவாங்க. வாசல் மெழுகி, குடத்துல தண்ணி எடுத்து ஊத்தி, பானகம், பொட்டுக்கடலை, சர்க்கரை வச்சுப் பாத்தியா. விடியற நேரத்துல தீமிதி. வெளியூருக்குப் போனவங்க தீபாவளிக்கு வராட்டியும் இதுக்கு வந்துடுவாங்க. எங்க அம்மாவுக்கு அது தாய்மாமன் ஊரு, அதனால நானும் போயிருக்கேன்.

திரௌபதி அம்மன் தீமிதியில ராவுத்தர், முகரம் தீமிதியில எங்க ஆளுங்க. இதைப் படிச்சதும் அதான் தோணுச்சு.

---

நாகூர்ப் பொண்ணு | செவ்வாய், இரவு 10.40

மூணு நாளா படிச்சுக்கிட்டே இருந்தேன், எழுதலாமா வேண்டாமான்னு. எழுதிடறேன்.

வெண்ணாற்றங்கரை அண்ணன், உங்க பங்காளிங்களுக்கு ஏன் பக்கிரிசாமின்னு பேருன்னா, எங்க ஊருக்கு நேர்ந்துக்கிட்டுப் பிறந்த பிள்ளைங்க. பக்கீர்தான் பக்கிரி. நாகூரான்னு பேர் வச்ச இந்துப் பிள்ளைங்களும் நாகை, திருவாரூர் பக்கம் நிறைய. எங்க ஆண்டவர் தர்காவில பெரிய மினாரா 131 அடி. அதைக் கட்டினது தஞ்சாவூர் மராத்திய ராஜா பிரதாப் சிங். கந்தூரிக்கு நாகப்பட்டினத்துலேருந்து சந்தனக்கூடு வரும்போது வழியில நின்னு கும்பிடுறவங்கள்ல யாரு என்ன மதம்னு பிரிச்சுப் பார்க்க முடியாது. முத்துப்பேட்டைக்குப் பக்கத்துல ஜாம்புவானோடை தர்காவுலயும் அப்படித்தான், மனசு சரியில்லாதவங்களைக் கூட்டிக்கிட்டு வந்து தங்குறவங்கள்ல பாதிக்குமேல உங்க ஆளுங்களாத்தான் இருக்கும்.

இப்ப நான் சொல்ல வந்தது. உங்க கூட்டத்துல ஒரு தரப்பைத்தான் நீங்க யோசிக்கிறீங்க. எங்க தரப்புலயும் ஒரு சிக்கல் இருக்கு. அந்தப் பெரியவருக்கு அப்புறம் யாரும் வராதது, நீங்க கூப்பிடாததால மட்டும் இருக்காது. எங்க பிள்ளைங்க இப்ப மார்க்கம் படிக்கிறாங்க. அல்லாவுக்கு இணை வைக்கக் கூடாதுங்கிறது எங்களுக்கு அடிப்படை. சாமி மேடை முன்னாடி நின்னு ஓதறது இணை வைக்கிற மாதிரின்னு அவங்களுக்குப் பயம். அந்தப் பயத்தை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். என் வீட்டுலயே தம்பிக்கும் எனக்கும் இதுல ஒத்துப் போகாது.

ஆனா எங்க வாப்பிச்சாவோட (அப்பாவைப் பெத்தவங்க) அப்பா இந்த மாதிரி ஒரு ஊருக்கு ஓதப் போனவங்க. வாப்பிச்சா கேட்டிருக்காங்க, "கோயிலுக்கு ஓதலாமா வாப்பா?" அதுக்கு அவங்க சொன்னது: "கல்லுக்கு ஓதலம்மா. ஒரு முஸ்லிம் அந்த ஊர்ல மௌத்தாயிட்டாரு. அவருக்கு ஓத சொந்தக்காரங்க யாரும் இல்ல. ஊர்க்காரங்க வருஷா வருஷம் ஞாபகம் வச்சுக் கூப்பிடுறாங்க. போகாட்டி அல்லா என்னைத்தான் கேப்பான்." மேடையைப் பார்க்காம கிப்லாவை, அதாவது மக்கா இருக்கிற திசையைப் பார்த்து நின்னு, மரிச்சவருக்காக துஆ (பிரார்த்தனை) கேட்டுட்டு வந்துடுவாங்களாம். அதுக்கப்புறம் ஊர்க்காரங்க படையல் போடுறது அவங்க முறை.

நீங்க அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போங்க அண்ணன். சாமிக்கு ஓத வாங்கன்னு கேட்காதீங்க. எங்க ஊர்ல ஒருத்தர் இருக்காரு, அவருக்கு துஆ கேட்க ஆள் இல்லன்னு கேளுங்க. வராட்டியும் வருத்தப்படாதீங்க. கேட்டதே பெரிசு.

---

பாரதம் படிக்கிற வீடு | செவ்வாய், இரவு 11.12

அக்கா, நான் இத்தனை வருஷம் அந்த மேடைகிட்ட நின்னிருக்கேன். அவர் மரிச்சவர், அவருக்குச் சொந்தம் யாரும் இல்லன்னு ஒரு நாளும் நினைச்சதில்ல. எங்களுக்கு அவரு காவல். அவருக்கு யார் இருக்காங்கன்னு கேட்கவே இல்ல.

---

திருவரங்கம் வடக்கு வீதி | புதன், காலை 9.30

நாகூர் அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ரங்கனுக்கு ரொட்டி கொடுக்கிறது அவளுக்காகத்தானே, அவளுக்கு இங்கே பிறந்த வீடு ஏது" என்றாள்.

---

சோழமண்டலத்தான் | புதன், இரவு 9.00

சேலம் தலைவெட்டி முனியப்பன் வழக்கு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? டெல்டா இல்லைதான், ஆனாலும் பொருந்தும். முனியப்பன் என்று கும்பிட்ட சிலை புத்தர் என்று தொல்லியல் துறை அறிக்கை கொடுத்து, 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்று, அந்த இடத்தைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது. அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது. தலைமுறையாகக் கும்பிட்டவர்கள் என்ன ஆவார்கள் என்று. இந்த இழையைப் படித்தபின் வேறொன்று தோன்றுகிறது. முதலில் யாரோ ஒருவர் பெயரை மாற்றியதுதான் அத்தனை வழக்குக்கும் காரணம். இன்று மேடைக்கு முனீஸ்வரர் என்று பெயர் எழுதினால், நம் பேரப்பிள்ளைகளுக்கு நாமே ஒரு வழக்கு எழுதி வைக்கிறோம்.

பெயரை மாற்றக்கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மதில் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஸ்தபதி சொல்கிற அளவுக்குத்தான் கட்ட வேண்டும். மேடையை முறையாகப் பாலாலயம் (திருப்பணி முடியும்வரை சாமிக்குத் தற்காலிக இடம்) போல ஏதாவது செய்து, நகர்த்தி, மதிலுக்கு வெளியே மறுபடி கட்டிக் கொடுக்கலாமே?

---

பாரதம் படிக்கிற வீடு | புதன், இரவு 9.25

நகர்த்த முடியாதுங்க ஐயா. சிலைன்னா நகர்த்தலாம். அவரு மேடை வேற, மண்ணு வேற இல்ல. ஆனா நீங்க பேரை விட்டுக் கொடுக்காததுக்கு என் கும்பிடு.

---

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 11.50

கூட்டம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். நாகூர் அக்கா சொன்ன மாதிரியேதான் கேட்டேன். மகன் வெளிநாட்டில் இருக்கிறார். பேரன் கூத்தாநல்லூர்ப் பக்கம் மதரசாவில் படித்தவர், இருபத்தைந்து வயது இருக்கும். நிறைய நேரம் பேசவே இல்லை. பிறகு உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். அவர் தாத்தா ஓதப் போகிற ஊர்களின் பட்டியல். எங்கள் ஊரும் இருந்தது. பக்கத்தில் "ராவுத்தர், சொந்தம் இல்லை" என்று எழுதியிருந்தார். அக்கா, உங்கள் வாப்பிச்சாவின் அப்பா சொன்ன அதே வார்த்தை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பேரன் "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றார்.

இன்றைக்குக் கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் சத்தம்தான். என் சித்தப்பாவே எதிர்ப்பக்கம். நான் எழுந்து சாக்கிய நாயனாரைச் சொன்னேன். எங்கள் ஓதுவார், இத்தனை நேரம் வாயே திறக்காதவர், "மறவாது கல்லெறிந்த" என்று அந்த அடியைப் பாடியே காட்டினார். அதற்குப் பிறகு பெயர் மாற்றுகிற பேச்சு வரவில்லை.

மதில்தான் கஷ்டம். ஸ்தபதி வந்திருந்தார். அவரிடமே கேட்டோம். "கோயில் மதில் கணக்கு அம்மனுக்கு. காவல்காரன் மதிலுக்கு வெளியிலதான் இருக்கணும், மதில் அவரைத் தாண்டிப் போகக் கூடாது" என்றார். அந்த இடத்தில் மட்டும் மதில் உள்வாங்கி வளைந்து போகும். செங்கல்லும் கூலியும் கூடுதலாகும். அந்தக் கூடுதலை எங்கள் பங்காளிகள் ஏற்றுக்கொண்டோம். மூன்று பக்கிரிசாமிகளும் முதல் ஆளாகக் கை தூக்கினார்கள். சித்தப்பா பாதியில் எழுந்து போய்விட்டார். நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

"முத்தால் ராவுத்தர்" என்று கல்லில் வெட்டப் போகிறோம். இதுவரை எழுத்தே இல்லாத மேடை அது.

கூட்டம் முடிந்து வருகிற வழியில் பேரனிடமிருந்து போன். காப்பு கட்டுகிற நாள் அஸர் (பிற்பகல்) தொழுகை முடிந்து வருவதாகச் சொன்னார். மேடைக்கு முன்னால் நிற்க மாட்டேன், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் கிப்லா பார்த்து நின்று துஆ கேட்டுவிட்டுப் போய்விடுவேன், சர்க்கரை மட்டும் தரேன் என்றார். போதும் தம்பி என்றேன். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

இங்கே எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு உதவி. படையல் போட்டுச் சில வருஷம் ஆகிவிட்டது. ஆத்தாவோடு அந்தப் பக்குவமும் போய்விட்டது. கொள்ளு எவ்வளவு, எப்படி வைப்பது?

---

நாகூர்ப் பொண்ணு | திங்கள், காலை 5.35

அல்ஹம்துலில்லாஹ். அந்த நோட்டைப் பத்திரமா வைக்கச் சொல்லுங்க அண்ணன். முடிஞ்சா அதுல இருக்கிற மத்த ஊர்களையும் கேட்டு எழுதி வைங்க.

---

பாரதம் படிக்கிற வீடு | திங்கள், காலை 6.10

அண்ணே, கொள்ளு ரெண்டு படி போதும். முதல் நாள் ராத்திரியே ஊறப் போட்டுடுங்க. கல்லு இருக்கும், முறத்துல புடைச்சுட்டுப் போடுங்க. ஜனங்களுக்குக் கொடுக்கிற சுண்டலுக்கு வெந்தப்புறம் உப்பு போடுங்க. குதிரைக்கு வைக்கிறது தனி. அதை வேகவைக்க வேண்டாம், உப்பும் வேண்டாம். ஊறினதை அப்படியே புது மண்சட்டியில அள்ளி, மேடைக்கு இடது பக்கம் தரையில வைங்க.